கேளாமற்போன கட்டளை

தொழில் யாதாயினும் அதன்கண் ஏவுதல், இயற்றுதல் என இரு கூறுகள் உண்டு. ஏவுவோர் சொல்லும் இயற்றுவோர் செயலும் ஒத்து நடக்குங்கால் தொழில் சிறக்கும். அவை தம்முள் மாறுபடுங்கால் பொருளும் காலமும் வீணாகும். அம்மாறுபாடு உடனே கண்ணுக்குப் புலனாயின் கேடு சிறிது. புலனாகாது மறைந்து கிடப்பின் கேடு பெரிது. இவ்வுண்மை எவரும் அறிந்ததே. எனினும், அறிவியற் கணக்குகளையெல்லாம் கணிப்பொறியின்பால் ஒப்புவித்துவிட்ட இந்நாளில், அப்பொறிக்கு நாம் இடும் கட்டளைகளுள் எவை கேட்கப்பெற்றன, எவை கேளாமற்போயின என்று ஆராய்ந்து பார்ப்போர் சிலரே. ஆதலின் இப்பொருளைப் பற்றி நம் கல்லூரி மலரிற் சில சொல்ல விழைந்தோம். கணிப்பொறித் துறையிற் பயிலாத அன்பர்களும் இதனைப் படித்தல் கூடும் என்பதை நினைவிற்கொண்டே எழுதுகின்றோம்.

எம் ஊர் பெரிய காஞ்சிபுரம். ஏகாம்பரநாதர் திருக்கோயிலையும் காமாட்சியம்மன் திருக்கோயிலையும் காண வருவோர் பலர். ஆயினும் ஊரைக் கேட்க வருவோர் சிலரே. பிள்ளையார்பாளையத்துத் தெருக்களில் விடியற்காலையில் நடந்து செல்வோமாயின், வீட்டுக்கு வீடு தறியின் ஓசை செவியில் விழும். இளமையில் அவ்வோசையினிடையே வளர்ந்தோம். பிற்காலத்தில் கணிப்பொறிக்கு நிரல் எழுதும் தொழிலை மேற்கொண்டோம். இவ்விரண்டுக்கும் இடையே உள்ள உறவு நாம் வலிந்து கற்பித்ததன்று. அது வரலாற்றில் உள்ளது.

முதலில் தறியின் செய்தியைக் கூறுவோம். சேலைக்கு ஆணை தரும் முதலாளி நெசவாளரிடம் எல்லாவற்றையும் விரித்துரைப்பதில்லை. உடலின் நிறம் இன்னது, கரையின் நிறம் இன்னது, கரையின் அகலம் இவ்வளவு, முந்தானையில் இன்ன பூ வேலை என்று சிலவற்றையே சொல்வார். சொல்லாது விட்டவற்றையெல்லாம் நெசவாளர் வழக்கப்படி செய்துகொள்வார். “வழக்கம்போல” என்ற ஒரு சொல்லுக்குள் நூறு செய்திகள் அடங்கியிருக்கும். ஆகவே, ஓர் ஆணை என்பது வழக்கத்தினின்றும் எவ்வெவ்விடத்து மாறவேண்டும் என்பதன் தொகுப்பே எனலாம்.

காஞ்சிப் பட்டின் சிறப்புகளுள் ஒன்றாகிய கோர்வை வேலையில் உடலும் கரையும் வேறு வேறு நிறத்தன. இரண்டும் நெய்யும்போதே ஒன்றோடொன்று கோக்கப்படுகின்றன. அதற்கு மூன்று நாடாக்கள் ஓடவேண்டும். நெசவாளர் ஒருபுறமும் துணையாள் ஒருவர் பக்கத்திலும் இருந்து கரை நாடாவைத் தள்ளுவர். நெசவாளர் ஒரு சொல் சொல்வார், அல்லது கையசைப்பார், துணையாள் நாடாவைத் தருவார். துணையாள் அதனைக் கேளாதிருந்தால் என்ன ஆகும்? அடுத்த ஊடை ஓடுமுன்னரே அங்கே பிழை தோன்றும். கரை உடலோடு சேராது நிற்கும். நெசவாளர் உடனே தறியை நிறுத்தி, இழையைப் பிரித்து, மீண்டும் நெய்வார். துணியே சாட்சியாய் நின்று, சொன்னது நடக்கவில்லை என்பதைச் சொல்லிவிடும்.

பூ வேலைக்கு முற்காலத்தில் ‘அடை’ என்னும் கயிற்றமைப்பு இருந்தது. பின்னர் ஜக்கார்டு பெட்டி வந்தது. பிரான்சு நாட்டின் லியோன் நகரத்தவராகிய ஜோசப் மேரி ஜக்கார்டு 1804-ஆம் ஆண்டில் அமைத்த பொறி அது. துளையிட்ட அட்டைகளைச் சங்கிலிபோற் கோத்துத் தறியின் மேலுள்ள பெட்டியில் மாட்டுவர். ஊடை ஒன்றுக்கு அட்டை ஒன்று. அட்டையில் துளை உள்ள இடத்தில் ஊசி உட்புகும். அதனோடிணைந்த கொக்கி மேலேறிப் பாவின் இழையைத் தூக்கும். துளை இல்லாத இடத்தில் ஊசி தள்ளப்படும். இழை கீழேயே நிற்கும். இங்கே கட்டளை என்பது துளை உண்டு, துளை இல்லை என்ற இரண்டே. பொறிக்கு விளங்காத கட்டளை என ஒன்று அதனிடத்தில் இல்லை. தவறான இடத்தில் துளையிட்டால் தவறான பூ தோன்றும்; ஆனால் இட்ட துளை கேட்கப்படாமற் போவதில்லை.

இவ்வட்டைகளைக் கண்டே ஆங்கில நாட்டுச் சார்லஸ் பாபேஜ் என்பவர் தாம் திட்டமிட்ட கணக்குப் பொறிக்கும் அட்டைகளை வகுத்தார். அவற்றுள் இன்ன செயலைச் செய்க என்று ஏவும் அட்டைகள் ஒருவகை. எந்த எண்களின்மேற் செய்க என்று சுட்டும் அட்டைகள் மற்றொரு வகை. 1843-ஆம் ஆண்டு அடா லவ்லேஸ் அம்மையார் அப்பொறியைப் பற்றித் தாம் எழுதிய குறிப்புகளில் ஜக்கார்டு தறியை உவமையாக எடுத்தாண்டார். அப்பொறி முற்றுப்பெறவில்லை. ஆயினும், செய்யும் செயல் வேறு, அச்செயலை இம்முறை எவ்வாறு செய்வது என்னும் குறிப்பு வேறு என்ற பாகுபாடு இன்றளவும் கணிப்பொறியில் நிலைத்திருக்கின்றது.

இனி, அக்குறிப்பு இக்காலத்தில் எவ்வாறு தரப்படுகின்றது என்பதைக் கூறுவோம். அறிவியற் கணக்குகளைச் செய்வோர் பெரும்பாலும் படங்களைத் தொட்டு நிரலை இயக்குவதில்லை. ஒரு வரியில் நிரலின் பெயரைத் தட்டி, அதனையடுத்துச் சில சொற்களையும் தட்டுவர். இதற்குக் கட்டளை வரி என்று பெயர். பெயருக்குப் பின் வரும் சொற்களைத் தெரிவுகள் என்போம். ஒவ்வொரு தெரிவுக்கும் முன்னால் ஒரு சிறு கோடு இருக்கும். யூனிக்ஸ் முறைமையிலிருந்து வந்த மரபு அது. இத்துணை நுண்மையாகக் கணக்கிடுக, இன்ன முறையைக் கையாள்க, இடையில் நிகழ்வனவற்றை எழுதிக் காட்டுக என்பன போன்ற ஆணைகள் அத்தெரிவுகளால் தரப்படும். தராது விட்டவை வழக்கப்படி நடக்கும். முதலாளியும் நெசவாளரும் நடத்தும் பேச்சே ஈண்டும் நடைபெறுகின்றது என்பது சொல்லாமலே விளங்கும்.

ஆயின் இங்கே மூன்றாமவர் ஒருவரும் உளர். ஆராய்ச்சியாளர் தம் நிரலை முழுவதும் தாமே எழுதுவதில்லை. பெருஞ் சமன்பாட்டுத் தொகுதிகளைத் தீர்த்தல் முதலிய கடினமான வேலைகளைப் பிறர் எழுதிப் பொதுவில் வைத்துள்ள நிரல் நூலகங்களிடம் ஒப்படைப்பர். வீட்டுக்காரர் தம் வீட்டைத் தாமே நடத்தினும், நுண்வேலைக்கு வல்லாரை வெளியிலிருந்து அழைத்துக்கொள்வதுபோல என்க. ஒரு நிரலில் இத்தகைய நூலகங்கள் மூன்று நான்கும் இருத்தல் கூடும். ஆகவே கட்டளை வரியில் வரும் சொற்களுள் சில வீட்டுக்காரருக்கு உரியன. சில ஒரு நூலகத்துக்கு உரியன. சில மற்றொன்றுக்கு உரியன. எச்சொல் எவருக்குரியது என்று பிரிப்பவர் யார்? இவ்வினாவே நம் பொருளின் உயிர்நிலை.

இது வெறும் நூலறிவுச் சிக்கல் என்று எவரும் எண்ணற்க. எமக்கு இளைய நண்பர் ஒருவர், நெசவுக் குடும்பத்திற் பிறந்து நம் கல்லூரியிற் பயின்று, பின்னர் வெளியூரில் ஆராய்ச்சி மாணவராய்ச் சேர்ந்தார். உலோகத் தகடு ஒன்றில் வெப்பம் பரவும் முறையைக் கணிப்பது அவர் வேலை. ஆயிரங்கோடியில் ஒரு பங்குக்கு மேற் பிழை இராதவாறு கணக்கிடுக என்று அவர் தம் கட்டளை வரியில் ஆணையிட்டு வந்தார். தம் கட்டுரையிலும் அவ்வாறே எழுதினார். சில திங்கள் கழித்து, அவ்விடத்திலேயே பணிபுரிந்த மற்றொருவர் அக்கணக்கை மீண்டும் செய்து பார்த்தபோது, மூன்றாம் இலக்கத்துக்குப் பின் விடைகள் ஒவ்வாமை கண்டனர். இல்லாத நுண்மையை உள்ளதாக எழுதினார் என்ற ஐயம் நம் நண்பர்மேல் எழுந்தது. “யான் ஆணையிட்டேன்” என்பதன்றி அவரிடம் வேறு விடை இல்லை. விடைகளைத் தாங்கிய கோப்புகளில் எண்கள் மட்டுமே இருந்தன. அவ்வெண்கள் எந்த ஆணையின் கீழ் விளைந்தன என்பதற்கு ஒரு வரியும் இல்லை. அக்காலத்தில் அவர் ஊருக்கு வந்திருந்தபோது எம் வீட்டுத் திண்ணையில் அமர்ந்து, “அண்ணா, பொய் சொன்னேன் என்று வாயால் எவரும் சொல்லவில்லை, ஆனால் எவரும் என் முகம் பார்த்துப் பேசுவதில்லை” என்றார்.

இறுதியில், கணிப்பொறி தானே சேர்த்து வைத்திருந்த பழைய கட்டளைகளின் பட்டியலிலிருந்து உண்மை வெளிப்பட்டது. நுண்மையைக் குறிக்கும் தெரிவின் பெயர் இரு சொற்களாலானது. அவற்றினிடையே அடிக்கோடு இடவேண்டும். அவர் விரல் நடுக்கோட்டை இட்டிருந்தது. அந்நூலகம் அப்பெயரைத் தன்னுடையதாக உணரவில்லை. உணராததை ஒரு சொல்லாலும் தெரிவிக்கவுமில்லை. தன் வழக்கப்படி, ஆயிரத்தில் ஒரு பங்கு பிழைக்கு இடந்தந்து, கணக்கை முடித்து, விடையை அச்சிட்டுத் தந்தது. நம் நண்பர் நேர்மையுடையவர் என்பது நிலைபெற்றது. ஆயினும் அரையாண்டுக் கணக்குகளை அவர் மீண்டும் செய்ய நேர்ந்தது. மாநாடு ஒன்றுக்கு அனுப்பவிருந்த கட்டுரையும் நின்றது.

தறியிலாயின் இக்கேடு ஓர் ஊடைக்குள் வெளிப்பட்டிருக்கும். எண்களுக்கோ அத்தகைய முகம் இல்லை. நுண்மையாய்க் கணித்த எண்ணும் பருமையாய்க் கணித்த எண்ணும் தாளில் ஒரே அழகோடு தோன்றும். பதினைந்து இலக்கங்கள் அச்சாகியிருப்பினும், அவற்றுள் மூன்றே மெய்யாயிருத்தல் கூடும். துணி தன் பிழையைத் தானே காட்டும், எண் காட்டாது. ஆகவே எண்ணை ஆக்கும் நிரலே வாய்திறந்து சொல்லவேண்டியதாகின்றது.

நிற்க. நூலகத்தார்மேற் பழிகூறுமுன் அவர் மௌனத்துக்கும் ஒரு காரணம் உண்டென்பதை ஆராய்தல் நேர்மையாகும். தனி நிரலாயின், தனக்கு விளங்காத தெரிவைக் கண்டவுடனே நிறுத்திப் பிழை கூறலாம். யூனிக்ஸில் வழங்கும் ‘கெட்டாப்ட்’ என்னும் கருவி அறியாத தெரிவைக் கண்டால் வினாக்குறி ஒன்றைத் திருப்பித் தரும். நிரலாசிரியர் அதுகொண்டு எச்சரிக்கலாம். வரி முழுவதும் அந்நிரலுக்கே உரியதாதலின் இது கைகூடுகின்றது. நூலகத்தின் நிலை வேறு. தனக்கு விளங்காத சொல்லைக் கண்ட நூலகம், அஃது எழுத்துப்பிழையா, வீட்டுக்காரருக்கு உரியதா, தன்னோடு வேலைசெய்யும் மற்றொரு நூலகத்துக்கு உரியதா என்று அறிய வழியில்லை. பலர் வாழும் வீட்டில் அயலார் பெயரிட்ட கடிதத்தைக் கண்டவர் அதனைக் கிழித்தெறிதலும் தகாது, கூச்சலிடுதலும் தகாது. தமக்குரியதை எடுத்துக்கொண்டு ஏனையவற்றை விட்டுச் செல்வதே முறை. ஒவ்வொருவரும் இம்முறைப்படியே நடப்பின், எவர்க்கும் உரித்தல்லாத கடிதம் ஒன்று கேட்பாரின்றி மேசைமேற் கிடக்கும். நம் நண்பரின் கட்டளை இவ்வாறு கிடந்ததே. அங்கே தனித்தனியே எவரும் தவறு செய்தாரல்லர். ஆயினும் முடிவில் தவறு நிகழ்ந்தது.

இதற்கு மருந்து என்ன? எல்லாரும் தத்தமக்குரியவற்றை எடுத்துக்கொண்ட பின்னர், எஞ்சிக் கிடப்பவை இவை என்று ஒருவர் உரக்கச் சொல்லவேண்டும். இதனை நன்கு உணர்ந்து செய்தவர், அமெரிக்க நாட்டுச் சிக்காகோ நகருக்கு அணித்தாயுள்ள ஆர்கான் தேசிய ஆய்வுக்கூடத்தார். அவர்கள் 1991-ஆம் ஆண்டு தொடங்கி வளர்த்துவரும் ‘பெட்ஸி’ என்னும் நூலகம் பெருஞ் சமன்பாட்டுத் தொகுதிகளைத் தீர்ப்பது. அதனை இயக்குவோர் நிரலில் ஓர் எழுத்தையும் மாற்றாது, கட்டளை வரியில் ‘-கேஎஸ்பி_டைப் சிஜி’ என்று தட்டுவதனாலேயே தீர்க்கும் முறையை மாற்றிவிடலாம். தெரிவுகளைக் கோப்பிலிருந்தும் சூழல் மாறியிலிருந்தும் கட்டளை வரியிலிருந்தும் அது தொகுத்துக்கொள்ளும். அவை முரண்படின் கட்டளை வரியில் உள்ளதே வெல்லும்.

அந்நூலகம் எந்தத் தெரிவு எவராற் கேட்கப்பட்டது என்று கணக்கு வைத்துக்கொள்கின்றது. வேலை முடிந்தபின், ஒருவராலும் கேட்கப்படாத தெரிவுகளைப் பட்டியலிட்டுக் காட்டும் வசதி அதன்கண் உண்டு. ‘ஆப்ஷன்ஸ்_லெஃப்ட்’ என்பது அதன் பெயர். நம் நண்பரின் சொல் அங்கே இடம்பெற்றிருக்குமாயின், முதல் நாளிலேயே அவர் திருந்தியிருப்பார். எஞ்சிய தெரிவு கண்டவுடனே வேலையை நிறுத்திவிடலாகாதோ எனின், ஆகாது. பல கணக்குகளுக்குப் பொதுவாய் ஒரே தெரிவுக் கோப்பை வைத்துக்கொள்வோர் உளர். இன்ன முறையைத் தேர்ந்தாற்றான் இன்ன தெரிவு பயன்படும் என்பதும் உண்டு. ஆதலின் எஞ்சியதெல்லாம் பிழையன்று. அறிவித்துவிட்டுத் தீர்ப்பை மனிதரிடம் விடுதலே தக்கது.

அந்நூலகத்தின் மற்றொரு வழக்கமும் நம்மவர்க்கு எளிதில் விளங்கும். ஒரே நிரலில் ஒரே வகைத் தீர்ப்பான் இரண்டு இருப்பின், நுண்மை பற்றிய ஆணை எதற்குரியது என்ற மயக்கம் எழும். அதனை நீக்க ஒவ்வொன்றன் தெரிவுக்கும் முன்னே ஓர் அடைமொழியைச் சேர்ப்பர். ஒரே வகுப்பில் முருகேசன் இருவர் இருப்பின், தந்தையார் பெயரின் முதலெழுத்தைச் சேர்த்து அவரை வேறுபடுத்துகின்றோம் அன்றோ? அவ்வழக்கமே இது. முதலெழுத்தில்லாத பெயரும் அடைமொழியில்லாத தெரிவும் கூட்டத்தில் மயக்கந் தரும்.

வேறு வழியை மேற்கொண்டோரும் உளர். குனூ அறிவியல் நூலகம் கட்டளை வரியைத் தொடுவதில்லை. தற்செயல் எண்களை ஆக்கும் முறையையும் அதன் தொடக்க எண்ணையும் இரண்டு சூழல் மாறிகளிலிருந்து அது படித்துக்கொள்ளும். அதுவும் நிரலாசிரியர் தம் நிரலில் அதற்கெனவுள்ள செயற்கூற்றை அழைத்தாற்றான் படிக்கும். படித்தவுடன் தான் ஏற்ற மதிப்பை எழுதிக் காட்டும். அறியாத முறையின் பெயரைத் தந்தால், அறிந்தவை இவை என்று பட்டியலிட்டுப் பிழை கூறும். வீட்டுக்காரர் அழைத்தாலன்றிப் பேசாமையும், பேசியபின் கேட்டதைத் திருப்பிச் சொல்லுதலும் நல்ல விருந்தினருக்குரிய இயல்புகள்.

பல கணிப்பொறிகள் ஒருங்கே வேலை செய்வதற்கென வகுக்கப்பெற்ற எம்.பி.ஐ. என்னும் பொதுநியமத்தின் வரலாறும் இங்கே நினைக்கத்தக்கது. 1994-இல் வெளிவந்த அதன் முதற்பதிப்பில், தொடங்கும்போது முதன்மை நிரல் தான் பெற்ற கட்டளை வரியை அப்படியே நூலகத்திடம் தரவேண்டும் என்று நூலகத்தார் வற்புறுத்த இடமிருந்தது. இதனால் இடர் எழுந்தது. மற்றொரு நூலகத்தின் உள்ளிருந்து அதனைத் தொடங்க விழைந்தவரிடம் கட்டளை வரியே இராது. 1997-இல் வந்த இரண்டாம் பதிப்பு அவ்வற்புறுத்தலை நீக்கி, ஒன்றும் தராமலே தொடங்கலாம் என விதித்தது. கட்டளை வரி வீட்டுக்காரருக்கே உரியது என்ற கொள்கையை மூன்றாண்டுப் பட்டறிவு நிலைநாட்டியது எனலாம்.

பெயரைச் சுருக்கித் தட்டும் வசதியிலும் ஓர் இடர் ஒளிந்திருக்கின்றது. பைத்தான் மொழியின் ‘ஆர்க்பார்ஸ்’ கருவி, நீண்ட தெரிவின் முதற்சில எழுத்துகளையே தட்டினாலும், வேறொன்றோடு மயங்காவிடத்து, அதனை ஏற்றுக்கொள்ளும். அடுத்த பதிப்பில் அவ்வெழுத்துகளாலேயே தொடங்கும் புதுத்தெரிவு ஒன்று சேருமாயின், நேற்று இயங்கிய கட்டளை இன்று மறுக்கப்படும். ஆதலாற்றான் 2015-இல் வந்த 3.5-ஆம் பதிப்பில் அச்சுருக்கத்தை விலக்கிவைக்கும் வழியையும் தந்தனர். ஆண்டுகள் கழித்தும் மீண்டும் இயக்கவேண்டிய கணக்குகளில் முழுப்பெயரையே தட்டுவது நலம்.

அறிவியல் பயிலும் மாணவ நண்பர்களுக்கு இதனால் யாம் சொல்லத்தக்கவை சிலவே. விடையைச் சேமிக்கும்போது அவ்விடையை விளைத்த கட்டளை வரியையும் நூலகத்தின் பதிப்பெண்ணையும் அதே கோப்பிற் சேர்த்து எழுதுக. யாம் என்ன ஆணையிட்டோம் என்பதோடு அமையாது, நூலகம் எதை மேற்கொண்டது என்பதனை அதன் வாயிலிருந்தே கேட்டு எழுதுக. பெட்ஸி போன்ற நூலகங்கள் தாம் கையாண்ட முறையையும் நுண்மையின் அளவையும் விரித்துக் காட்டும். ஒரு தெரிவைச் சேர்த்தாற் போதும். புதிதாய் ஒரு தெரிவைக் கையாளும்போது, அதன் மதிப்பை ஒருமுறை வேண்டுமென்றே பெரிதும் மாற்றி இயக்கிப் பார்க்க. விடை சிறிதும் மாறாதாயின், சொல் செவியில் விழவில்லை என்று ஐயுறுக.

பின்னாளில் நூலகம் எழுதும் பேறு பெறுவோர், தம் தெரிவுகளுக்கு முதலெழுத்துச் சேர்த்துப் பெயரிடுக. வீட்டுக்காரர் இசைவின்றிக் கட்டளை வரியிற் கைவையாதிருக்க. எஞ்சியவற்றை வேலையின் முடிவில் அறிவிக்க. பத்து வரிகளில் எழுதி முடிக்கத்தக்க வேலை இது. அப்பத்து வரிகள் இல்லாமையால் எம் நண்பர் இழந்தது அரையாண்டும், சில காலம் தம் நற்பெயரும் ஆகும். ஆசிரியப் பெருமக்களுக்கும் ஒரு விண்ணப்பம் உண்டு. மாணவர் தந்த எண் ஒவ்வாதபோது அவர் நேர்மையை ஐயுறுமுன், அவர் இட்ட கட்டளை கேட்கப்பட்டதா என்பதை ஒருமுறை வினவுவாராக.

எம் நண்பர் அப்பட்டத்தைப் பெற்று, இப்போது தாமும் ஒரு சிறு நூலகத்தை எழுதிவருகின்றார். அண்மையில் அதனை எமக்கு இயக்கிக் காட்டியபோது, சோதிக்கும் பொருட்டு ஒரு தெரிவின் பெயரைப் பிழைபடத் தட்டினோம். கணக்கு நடந்து முடிந்தது, விடையும் வந்தது. அதன் கீழே, இன்ன சொல் ஒருவராலும் கேட்கப்படவில்லை என்ற ஒரு வரியும் வந்தது.